கேயோவா, வசேடாவா?

டோக்கியோ

அன்புள்ள முத்து,

கயலுக்குக் கேயோ, வசேடா என்ற இரண்டு பல்கலைக்கழகத்திலும் அட்மிஷன் கிடைத்துவிட்டது என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் கூட்டத்தில் ஒரு பிள்ளை இந்த ஊருக்குப் படிக்க வருவது இதுதான் முதல் தடவை. குழந்தையிடம் என் ஆசீர்வாதத்தைச் சொல். தங்கச்சி ஒரே மகளை இவ்வளவு தூரம் அனுப்பச் சம்மதித்ததே பெரிய விஷயம். அவளுக்கு இங்கே நாங்கள் இருக்கிறோம் என்ற தைரியத்தை நீ கொடுக்க வேண்டும்.

இப்போது நீ கேட்ட கேள்வி. கேயோவின் பொருளியல் புலத்தில் ஆங்கிலவழிப் படிப்பான பேர்ல், வசேடாவின் அரசியல் பொருளியல் புலத்தில் ஆங்கிலவழிப் படிப்பு. "இரண்டில் எதற்குப் பேர் அதிகம், எதில் படிப்பு நன்றாக இருக்கும்?" என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். அவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். முதலாவதற்குச் சீக்கிரம் பதில் சொல்லிவிடலாம், இரண்டாவதற்குத்தான் நேரம் வேண்டும்.

பேர் விஷயத்தில் இங்குள்ளவர்கள் இந்த இரண்டையும் பிரித்தே பேசுவதில்லை. டோக்கியோ, கியோட்டோ போன்ற தேசியப் பல்கலைக்கழகங்கள் ஒரு வரிசை. தனியார் என்று வந்தால் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். எங்கள் கம்பெனியில் புதிதாகப் படித்து வருபவர்களை எடுக்கும் காலத்தில் நானும் இன்டர்வியூவில் உட்காருகிறேன். கேயோ, வசேடா விண்ணப்பங்கள் ஒரே கட்டாகத்தான் வரும், தொடக்கச் சம்பளமும் ஒன்றுதான். "அது ஒரு படி மேல்" என்று உன் மைத்துனர் சொன்னாராமே, அதை நம்பி முடிவு எடுத்துவிடாதே.

இந்தச் சமநிலைக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. கேயோவை 1858-இல் ஃபுகுசவா யுகிச்சி தொடங்கினார். 2024 ஜூலையில் புது நோட்டு வரும்வரை பத்தாயிரம் யென் நோட்டில் இருந்தது அவர் முகம்தான். அவர் இடத்துக்கு வேறொருவர் வந்த அதே நாளில், கேயோ மருத்துவத் துறையின் முதல் தலைவரான கிதசாதோ ஷிபசபுரோ ஆயிரம் யென் நோட்டில் ஏறினார். வசேடா 1882-இல் பிறந்தது. அரசாங்கத்திலிருந்து முந்தைய வருஷம் வெளியேற்றப்பட்ட ஓகுமா ஷிகெனொபு தொடங்கிய பள்ளி அது. அவர் பிறகு இரண்டு முறை பிரதமரானார். இரண்டுக்கும் சட்டப்படி பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது 1920-இல், ஒரே சமயத்தில்.

பேஸ்பால் போட்டியைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. 1903-இல் வசேடா பையன்கள் சவால் விட, கேயோ ஏற்றுக்கொண்டது. 1906-இல் ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்த நிலையில் ரசிகர்களின் கொந்தளிப்பைப் பார்த்துப் பயந்து மூன்றாவது ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். மறுபடி மோதியது 1925-இல்தான். 1943 அக்டோபரில், மாணவர்களைப் போருக்கு அனுப்புவதற்குச் சற்று முன்னால், கடைசியாக ஒரு தடவை ஆடவேண்டும் என்று கேட்டு ஆடியிருக்கிறார்கள். இப்போதும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஜிங்கு மைதானத்தில் நடக்கிறது. எதிரணியின் பாட்டை மரியாதையாகக் கேட்டுவிட்டுத் தங்கள் பாட்டை இன்னும் உரக்கப் பாடுகிறார்கள். இவர்களில் ஒருவர் இல்லாவிட்டால் மற்றவருக்கு இவ்வளவு பெயர் வந்திருக்காது என்பது அங்கே உட்கார்ந்தால் நன்றாக விளங்கும்.

நீ அனுப்பிய ரேங்கிங் பட்டியல்களையும் பார்த்தேன். க்யூஎஸ் 2025 பட்டியலில் இரண்டும் இருநூறுக்குள், ஏழே இட வித்தியாசத்தில், கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. டைம்ஸ் பட்டியலிலோ இரண்டும் பல நூறு இடங்கள் கீழே. ஒரே பல்கலைக்கழகம், ஒரே ஆசிரியர்கள், ஒரே வகுப்பறை. எப்படி இவ்வளவு வித்தியாசம் என்று நீ குழம்பியிருப்பது நியாயம்தான். க்யூஎஸ்ஸில் பேராசிரியர்களிடமும் வேலை கொடுப்பவர்களிடமும் கேட்டு வாங்கும் கருத்துக்கு மட்டும் 45 சதவீத மதிப்பெண். அதனால் பழைய பெயருள்ள இடங்கள் மேலே வரும். டைம்ஸ் ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை இடத்தில் மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதற்கு அதிக எடை கொடுக்கிறது. சட்டம், இலக்கியம், பொருளியல் என்று ஜப்பானிய மொழியிலேயே எழுதும் ஆசிரியர்கள் நிறைந்த இடம் அதில் அடிபடத்தான் செய்யும். கயலுக்கு இரண்டாம் வருஷத்தில் புள்ளியியல் யார் நடத்துவார், அவர் எப்படி நடத்துவார் என்பது இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை. ஏழு இட வித்தியாசத்தை வைத்து ஒரு பெண்ணின் நாலு வருஷத்தைத் தீர்மானிப்பது தப்பு, முத்து. இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

இங்குள்ள பத்திரிகைகள் இன்னொரு கணக்கும் போடுகின்றன. இரண்டிலும் இடம் கிடைத்த மாணவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று வருஷா வருஷம் எண்ணி வெளியிடுவார்கள். முன்பெல்லாம் அது கேயோ பக்கம் சாய்ந்திருந்தது. அண்மைக் காலமாக வசேடாவின் அரசியல் பொருளியல் புலம் மேலே வந்திருக்கிறது. நாலைந்து வருஷத்தில் புரண்டுவிடும் சங்கதி இது. பாடத்திட்டமும் ஆசிரியர்களும் அந்த வேகத்தில் மாறுவதில்லை.

அந்தப் புலம் மேலே வந்ததற்குப் பின்னால் நடந்த ஒன்றுதான் எனக்கு உண்மையிலேயே மரியாதையை உண்டாக்கியது. இந்த நாட்டில் கணக்கே எழுதாமல் பொருளியல் படிக்கப் போய்விடலாம் என்ற நிலை தனியார் பல்கலைக்கழகங்களில் ரொம்ப காலமாக உண்டு. 2021 நுழைவுத் தேர்விலிருந்து கணக்குக் கட்டாயம் என்று வசேடாவின் அந்தப் புலம் அறிவித்தது. விண்ணப்பங்கள் கணிசமாகக் குறையும் என்று எல்லாருக்கும் தெரியும், குறையவும் செய்தது. விண்ணப்பக் கட்டணமே பெரிய வருமானமாக இருக்கும் இடத்தில், கூட்டம் குறைந்தாலும் பரவாயில்லை, வருகிறவன் கணக்குத் தெரிந்து வரட்டும் என்று நின்றார்கள். தரத்தைப் பற்றிக் கேட்டாயே, எனக்குத் தெரிந்த நல்ல அடையாளம் இதுதான்: பெயருக்கு நஷ்டம் வந்தாலும் படிப்புக்காக ஒன்றைச் செய்கிறார்களா என்று பார்ப்பது. கயல் ஆங்கிலவழிப் படிப்புக்கு வேறு வாசல் வழியாக வருகிறாள். ஆனால் அவள் நடமாடப்போவது அந்தப் புலத்தின் சூழலில்தான்.

கேயோவைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. பொருளியல் அங்கே ரத்தத்தில் ஊறிய பாடம். 1868-இல் உள்நாட்டுப் போர் நடந்தபோது, இதே ஊரின் உவேனோ பகுதியில் பீரங்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, ஃபுகுசவா ஒரு அமெரிக்கப் பொருளியல் நூலை வைத்துப் பாடம் நடத்திக்கொண்டே இருந்தாராம். ஊரே கலங்கிக் கிடந்த அந்த நாளை வருஷம்தோறும் மே மாதத்தில் இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். அவர்கள் வழக்கம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே ஆசான் என்றால் ஃபுகுசவா ஒருவர்தான். மற்ற எல்லாரும் சகமாணவர்கள் என்ற கொள்கை. 'இன்று வகுப்பு இல்லை' என்று ஒட்டும் அறிவிப்பில்கூடப் பேராசிரியர் பெயருக்குப் பின்னால் மாணவர்களுக்குப் போடும் அடைமொழியையே போடுவார்கள். பழைய மாணவர் சங்கங்களும் அங்கே அசாத்திய பலம். தொழில்துறையில் ஒருவரையொருவர் கைதூக்கிவிடுவதில் கேயோக்காரர்களை மிஞ்ச ஆளில்லை என்று இங்கே எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அந்த வட்டத்தில் ஆரம்பப் பள்ளியிலிருந்தே கேயோவில் படித்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளை அதற்குள் போய்ச் சேரக் கொஞ்சம் காலம் பிடிக்கும்.

இனி உண்மையான வித்தியாசங்களுக்கு வருகிறேன். முதலில் இடம். கேயோவில் முதல் இரண்டு வருஷம் யோகஹாமா பக்கம் ஹியோஷியில், பிறகு டோக்கியோ நடுவில் மிதாவில். ரயில் நிலையத்தை விட்டு ரோட்டைத் தாண்டினால் ஹியோஷி வளாகம், ஏற்றம் முழுக்க கிங்கோ மரங்கள். அழகான இடம்தான், ஆனால் பாதியில் வீடு மாற்றவேண்டி வரலாம். இந்த ஊரில் அறை மாற்றுவது லேசுப்பட்ட செலவில்லை. வசேடாவில் நாலு வருஷமும் ஒரே இடம். அதன் பிரதான வாசலில் கதவே கிடையாது, தெருவில் போகிறவர் நேராக உள்ளே வந்துவிடலாம். தகதனோபாபா நிலையத்திலிருந்து நடந்தால் வழியில் பழைய புத்தகக் கடைகள். வசேடாவில் ஏறக்குறைய ஐம்பதாயிரம் மாணவர்கள். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதில் அது இந்த நாட்டில் முன்வரிசை. முதல் வருஷத் தனிமைக்கு அது நல்ல மருந்து. ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கப் பெரிய மையமே வைத்திருக்கிறார்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது என்பதால் ஜப்பானிய மொழி வேண்டாம் என்று கயல் நினைத்துவிடக் கூடாது. இங்கேயே வேலை பார்க்க ஆசைப்பட்டால் பெரும்பாலான கம்பெனிகளில் இன்டர்வியூவே ஜப்பானிய மொழியில்தான். முதல் நாளிலிருந்து படிக்கட்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது 'ஸெமி'. மூன்றாம் வருஷத்தில் ஒரு பேராசிரியரிடம் சிறு குழுவாகச் சேர்ந்து, இரண்டு வருஷம் அவரோடு படித்து, விவாதித்து, ஆய்வேடு எழுதி முடிப்பது. கேயோவில் இதை ஆய்வு வட்டம் என்பார்கள். பத்துப் பதினைந்து பேர், ஒரு மேசை. ஒருவர் கட்டுரை வாசிக்க மற்றவர்கள் கேள்வியால் துளைத்தெடுப்பார்கள். பயிற்சி முகாம் என்று சேர்ந்து வெளியூரும் போவார்கள். இன்டர்வியூவில் நான் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது ஸெமியைப் பற்றித்தான். எந்தப் பல்கலைக்கழகம் என்பது தாளிலேயே இருக்கிறது. ஸெமியில் என்ன செய்தாய் என்று கேட்டால் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார்கள், சிலர் தலைப்பைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். இரண்டு வகையினரும் இரண்டு பல்கலைக்கழகத்திலிருந்தும் வருகிறார்கள். நல்ல ஸெமிக்குப் போட்டி உண்டு, தேர்வும் நேர்காணலும் வைத்துத்தான் எடுப்பார்கள்.

அதனால் கயல் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் ஸெமி நடத்தும் பேராசிரியர்கள் யார் யார் என்று இரண்டு இடத்திலும் பெயர் பெயராகப் பார்க்கச் சொல். அவர்கள் கடைசியாக எழுதிய கட்டுரைகளின் சுருக்கத்தையாவது படிக்கட்டும். நாலு வருஷம் கழித்தும் இவரிடம் உட்கார்ந்து பேச ஆசையாக இருக்கும் என்று தோன்றும் ஆட்கள் எங்கே அதிகமோ, அந்தப் பக்கம் சாயட்டும். இப்போது அங்கே படிக்கும் மாணவர்களிடம் பேச ஏற்பாடு செய்து தரும்படி இரண்டு அலுவலகத்துக்கும் எழுதலாம்.

பணம்: இரண்டிலும் கட்டணம் வருஷத்துக்குப் பத்து லட்சம் யென்னைத் தாண்டும். தேசியப் பல்கலைக்கழகங்களின் நிர்ணயக் கட்டணம் 5,35,800 யென் என்பதோடு ஒப்பிட்டால் அதிகம்தான். இரண்டு கடிதத்திலும் உதவித்தொகை பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குப் படம் எடுத்து அனுப்பு. ஒருவர் கட்டணத்தில் பாதியைக் குறைக்கிறார், இன்னொருவர் ஒன்றும் தரவில்லை என்றால் நான் மேலே எழுதியதையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் தருகிறவரிடம் அனுப்பு. கடன் இல்லாமல் படித்து முடிப்பது பெரிய சுதந்திரம்.

"நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். கட்டணம் சமம் என்றால் நான் வசேடா என்பேன். கயல் விண்ணப்பத்தில் எழுதிய கட்டுரையை நீ அனுப்பியதால் சொல்கிறேன். நகராட்சி பட்ஜெட்டில் குடிநீருக்கு ஒதுக்கிய பணம் ஏன் செலவாகவில்லை என்று தோண்டியிருக்கிறாள். அது பாதி பொருளியல், பாதி அரசியல். வசேடா புலத்தில் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படிக்க உலக அரசியல் பொருளியல் என்று தனித்துறையே உண்டு. அவள் கணிதப் பொருளியலில் ஊறித் திளைக்கிற பெண்ணாக இருந்திருந்தால் தயங்காமல் கேயோ என்றிருப்பேன். ஆனால் கடைசி வார்த்தை அவளுடையது. உன் மைத்துனருக்கும் இதைப் பக்குவமாகச் சொல்லிவிடு.

இங்கே நாங்கள் சுகம். சின்னவன் அடுத்த வருஷம் பள்ளி முடிக்கிறான், அவனுக்கு இப்போதே இந்தப் பேச்சில் ஆர்வம் வந்துவிட்டது. ஜோசப் ஓய்வு பெற்ற செய்தியை உன் கடிதத்தில்தான் அறிந்தேன்; அவன் நம்பரை அனுப்பு. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா என்று எழுதவே இல்லையே நீ.

சேர்வதற்கான கடைசித் தேதிகளை இரண்டு கடிதத்திலும் பார். முதல் தவணை கட்டிவிட்டு விலகினால் எவ்வளவு திரும்ப வரும், எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துக் கவனி. சேர்க்கைக் கட்டணம் பொதுவாகத் திரும்பி வராது. கயலை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிடச் சொல். பேராசிரியர்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசட்டும்.

அன்புடன்,
ராஜா