புதுமை கேட்கும் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத் தலைவர்களே,

நீங்கள் ஆற்றும் உரைகளில் ‘புதிதாகச் சிந்தியுங்கள்’ என்ற அழைப்பு தவறாமல் இடம்பெறுகிறது. அதை நம்பிச் சிந்தித்த ஒருவர் மறுவாரமே உங்கள் அறைக்கு வந்தால், “வேறு யாராவது இதைச் செய்திருக்கிறார்களா? இந்த ஆண்டே லாபம் வருமா?” என்று கேட்கிறீர்கள். இரண்டுக்கும் ‘ஆம்’ என்று சொல்ல முடிந்தால் அதில் புதுமை ஏது?

1975இல், கேமரா ஃபிலிம் விற்ற அமெரிக்க நிறுவனமான கோடக்கின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன், ஃபிலிம் தேவைப்படாத கேமரா ஒன்றைச் செய்து முடித்தார். எடை ஏறக்குறைய மூன்றரை கிலோ. ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கேசட் நாடாவில் பதிய 23 விநாடிகள் ஆகும். அதைத் தொலைக்காட்சித் திரையில்தான் பார்க்க முடியும். தொலைக்காட்சியில் யார் தங்கள் படத்தைப் பார்க்க விரும்புவார்கள் என்பதுதான் மேலதிகாரிகளின் கேள்வி. அவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். ஃபிலிம் விற்பனையில் பணம் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் போட்டியாக வரக்கூடியதைத் தங்கள் கையாலேயே வளர்க்க மனம் வரவில்லை. பின்னாளில் அவர்களும் டிஜிட்டல் கேமரா விற்றார்கள், உண்மைதான். ஆனால் 2012இல் திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரி நின்றார்கள்.

உங்கள் லட்சியத்தை நான் குறை சொல்லவில்லை. பெரிதாக ஆசைப்படாதவர் தலைமைப் பொறுப்புக்கு வரவே வேண்டாம் என்பது என் கருத்து. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதே லட்சியம் என்று அது சுருங்கும்போதுதான், கீழே இருப்பவரின் கற்பனை உங்களுக்கு ஆபத்தாகத் தெரிகிறது.

3எம் என்ற அமெரிக்க நிறுவனத்தில் 1968இல் ஸ்பென்சர் சில்வர் கண்டறிந்தது, அழுத்தமாக ஒட்டாத ஒரு பசை. அதனால் என்ன பயன் என்று எவருக்கும் புலப்படவில்லை. ஆனாலும் அவர் அதைப் பற்றிச் சக ஊழியர்களிடம் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தார். யாரும் வாயை அடைக்கவில்லை. அதைக் கேட்டறிந்த சக ஊழியர் ஆர்ட் ஃப்ரைக்கு, தாளில் தடவிப் பார்க்கலாமே என்று தோன்றியது. ஊழியர்கள் வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்ற வழக்கம் அங்கே இருந்தது. அப்படிப் பிறந்த, ஒட்டி எடுக்கும் குறிப்புத் தாள் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது 1980இல். பன்னிரண்டு ஆண்டுகள்!

அவ்வளவு காலம் பொறுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பரிசளிப்பு விழாவும் கேடயமும்கூட வேண்டாம். அரைகுறையாக ஒன்றைச் செய்து யாராவது எடுத்து வந்தால், அதனால் எந்தத் துறையின் வருமானம் குறையுமோ அந்தத் துறைத் தலைவரையே நடுவராக உட்கார வைக்காதீர்கள். சிறு தொகையும் ஓராண்டு அவகாசமும், உங்களையே நேரில் சந்திக்கும் உரிமையும் அதை எடுத்து வந்தவருக்குக் கொடுங்கள். முயற்சி தோற்றால், அதைக் காரணம் காட்டி அவரது பதவி உயர்வை நிறுத்தாதீர்கள்.

நம்பிக்கையுடன்,
ஓர் ஊழியர்