சுற்றி வரும் பைகள்: 12ஐ 40 ஆக்க உதவுங்கள்

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள் வீட்டிலேயே எழுத்தும் எண்ணும் பழக, வீடு வீடாகச் சுற்றி வரும் பைகள் எங்களிடம் 12 இருக்கின்றன. கேட்டுவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் அதைவிட நிறைய. பைகளை 40 ஆக்கப் பணம் வேண்டும்.

அப்படி என்ன இருக்கிறது அந்தப் பையில்? நான்கு படக்கதைப் புத்தகங்கள், எழுத்து அட்டைகள், ஓர் எண் பலகை, பகடை, காய்கள். அவ்வளவுதான். அட்டைகளை அ, ஆ என்று தொடங்காமல் ட, ப, ம என்று தொடங்கியிருக்கிறோம், ஏனென்றால் இந்த மூன்றையும் இவற்றுக்குப் புள்ளி வைத்த எழுத்துகளையும் வைத்தே படம், மடம், பட்டம், மட்டம் என்று குழந்தை சொற்களை வாசிக்க ஆரம்பித்துவிடலாம். 247 எழுத்தையும் முடித்த பிறகுதான் வாசிப்பு என்றால் குழந்தைக்கு என்ன, நமக்கே பொறுமை இருக்காது.

எண் பலகையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கிற குழந்தையிடம் ஏழு பொத்தான் எடுத்துக் கொடு என்று கேட்டுப் பாருங்கள், பல நேரம் கை நிறைய அள்ளிக் கொடுக்கும். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. எங்கள் பலகையில் 1 முதல் 10 வரை ஒரே வரிசையில் கட்டங்கள், பகடையின் பக்கங்களில் ஒரு புள்ளி அல்லது இரண்டு புள்ளிதான். 4இல் நிற்கும் காயை இரண்டு கட்டம் நகர்த்தும்போது "ஒன்று, இரண்டு" என்று சொல்லாமல் "ஐந்து, ஆறு" என்று சொல்ல வேண்டும், சூட்சுமமே அதில்தான். கீதா ராமணியும் ராபர்ட் சீக்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரத்துக்குள் நான்கே முறை, ஒவ்வொரு முறையும் 15, 20 நிமிடம் இப்படி ஆடிய குழந்தைகள் எண்ணுவதிலும் எது பெரிய எண் என்று சொல்வதிலும் முன்னேறியிருந்தார்கள். எண் இல்லாமல் வெறும் நிறக் கட்டங்களில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

ஒரு தப்பும் செய்தோம். முதல் சுற்றில் பையோடு நான்கு பக்க விளக்கத் தாளை வைத்து அனுப்பினோம். சில பைகள் பிரிக்காமலே திரும்பி வந்தன. வாசிக்கத் தெரியாத பெற்றோருக்குத் தாளைக் கொடுத்தால் என்ன செய்வார்கள், பாவம். இப்போது பை கொடுக்கும்போதே அரை மணி நேரம் உட்கார்ந்து விளையாடிக் காட்டுகிறோம். வாசிக்கத் தெரியாத பாட்டிகூடப் படத்தைக் காட்டி "இவன் ஏன் அழுறான்? அப்புறம் என்ன ஆகும்?" என்று கேட்கலாம், குழந்தையைப் பேச வைப்பதே பாதி வேலை.

நீங்கள் தரும் பணம் புத்தகங்களுக்கும் அட்டை, பலகை அச்சடிப்பதற்கும் கிழிந்தவற்றை மாற்றுவதற்கும் மட்டும்தான் போகும். விளையாடிக் காட்ட வருகிறவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. பணமாகத் தர முடியாவிட்டால் பக்கம் குறையாத பழைய படக்கதைப் புத்தகங்கள் கொடுங்கள், அல்லது மாதம் ஓர் அரை நாள் வந்து கூட உட்காருங்கள். பார்த்து எழுதும் நோட்டுகள் மட்டும் வேண்டாம், தயவுசெய்து! போன முறை வந்தவையே ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.

குழுவில் யாரிடம் கொடுத்தாலும் ரசீது உண்டு, கணக்கு நோட்டை எப்போது கேட்டாலும் காட்டுகிறோம். ஒரு பைக்கான தொகையை நாலைந்து பேர் சேர்ந்து கொடுத்தாலும் சரிதான்.