பொறியாளர் தினம்: பதில் தேவை

நண்பர்களே, வணக்கம்.

செப்டம்பர் 15 பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவின் பிறந்த நாள். 1920-ல் சென்னையில் பதிவான இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் 1968 முதல் அதைப் பொறியாளர் தினமாகக் கொண்டாடுகிறது. வழக்கமாக நாமே பேசி நாமே கைதட்டிவிட்டு வருவோம். இந்த முறை வீடு கட்டுகிறவர்கள், மேஸ்திரிகள், பள்ளிப் பிள்ளைகள் வரட்டும்.

நாள்: செப்டம்பர் 12, சனி, காலை 10 மணி
இடம்: நம் கல்லூரி சிவில் லேப்

1. ஆகஸ்ட் 15, கொடியேற்றம் முடிந்ததும் க்யூப் (சோதனைக்கான கான்கிரீட் கனசதுரம்) வார்க்க நான்கு பேர் வேண்டும். ஒரு கலவை அளவான தண்ணீரில். இன்னொன்று சைட்டில் "கொஞ்சம் இளக்கமா இருக்கட்டும்" என்று கூடுதலாக ஊற்றுகிறார்களே, அந்தத் தண்ணீரில். செப்டம்பர் 12-ல் இரண்டுக்கும் 28 நாள் ஆகியிருக்கும், கான்கிரீட்டின் வலிமையை வழக்கமாகப் பார்க்கும் நாள். மெஷினில் வைத்து எல்லார் முன்னும் உடைப்போம். எது முதலில் நொறுங்கும் என்று மேஸ்திரிகளே சொல்லட்டும்.

2. கலவையின் இளக்கத்தைப் பார்க்கும் ஸ்லம்ப் சோதனையும் அன்றே. 30 செ.மீ. கூம்பைத் தூக்கியதும் கலவை எவ்வளவு சரிகிறது என்பதைப் பிள்ளைகளே ஸ்கேலில் அளக்கட்டும்.

3. பேசுகிறவர்களுக்கு 10 நிமிடம், தமிழில். ஸ்லைடு வேண்டாம், தயவுசெய்து.

4. ஆளுக்கு ஒரு மேஸ்திரியையாவது அழைத்து வாருங்கள். அவர்களுக்கு அரைநாள் கூலி போகும், அதனால் மதியச் சாப்பாடு நம் பொறுப்பு.

வார்க்க வருபவர்கள் "1", பேசுபவர்கள் "3" என்று ஆகஸ்ட் 10-க்குள் பதிலிடுங்கள். அப்புறம், வெறும் கட்டைவிரல் போட்டால் கணக்கில் வராது.