அளவுக் கட்டத்திலும் கையெழுத்து எழுத்துருவா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் வடிவமைப்புக் கட்டுரையில், 'கையெழுத்து போன்ற எழுத்துரு எந்தப் பக்கத்துக்கும் உயிர் கொடுக்கும்' என்று ஒரு வரி. அந்த 'எந்தப் பக்கத்துக்கும்' இரண்டு நாளாக மனதை உறுத்துகிறது. இருபது வருடம் அழைப்பிதழ் வடிவமைத்தவள் நான். அந்த எழுத்துருக்கள் மீது எனக்குத் தனி ஆசையே உண்டு.

உங்களுக்குத் தெரியாததில்லை. பிரெஞ்சு வடிவமைப்பாளர் ரோஜர் எக்ஸ்கொஃபோனின் மிஸ்ட்ரல் என்ற எழுத்துரு 1953-இல் வந்தது. அவருடைய கையெழுத்தையே வைத்துச் செய்தது. ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மூன்று நான்கு சொல்லில் ஒரு தலைப்பென்றால் கண் அங்கேயே நிற்கும். அதிலேயே ஒரு பக்கக் கட்டுரையை அடித்தால் யார் படிப்பார்கள்? காமிக் சான்ஸ் எழுத்துருவையும் வின்சென்ட் கோனேர் 1994-இல் வரைந்தது, திரையில் ஒரு கார்ட்டூன் நாய் பேசும் குமிழிக்காகத்தான். கண்ட இடத்தில் அதைப் போட்டுவிட்டு எழுத்துருவைத் திட்டுகிறார்கள்.

தமிழில் இன்னும் கவனம் வேண்டும். சின்ன அளவில் புள்ளி மெலிந்து காணாமல் போகும், ர எது, துணைக்கால் எது என்று தெரியாது. 'அப்பா'வில் இரண்டு ப-வும் அச்சுஅசலாக ஒன்றுபோல் நின்றால் கையெழுத்து என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவம் வைத்து மாற்றி மாற்றிப் போட ஓபன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு வகையில் வழி இருக்கிறது. அந்தச் சிரமத்தை எடுத்தவர்கள் குறைவு.

போன வருடம் உங்கள் அஞ்சலிப் பக்கத்தில், இறந்தவரின் பெயரையே துள்ளிக் குதிக்கும் எழுத்தில் போட்டிருந்தீர்கள். அப்போதும் எழுதினேன். பதில் வரவில்லை. சரி, வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் மருத்துவப் பக்கத்தின் கஷாய அளவுக் கட்டமும் அதே எழுத்துக்கு மாறியது. என் அம்மா 1 தேக்கரண்டியை 7 என்று வாசித்தார். நான் பக்கத்தில் இருந்தேன், தடுத்தேன். இல்லாவிட்டால்?

தலைப்பில் எதை வேண்டுமானாலும் போடுங்கள். அளவுக் கட்டத்தையும் தொலைபேசி எண்களையும் மட்டும் பழைய நேர் எழுத்துக்கு மாற்றித் தாருங்கள். அடுத்த இதழிலேயே முடிந்தால் நல்லது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி