கணக்குக்கு விடை மட்டும் போட்டா காணாது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கட பேப்பர்ல ஓ.எல் (சாதாரண தரச் சோதனை) புள்ளைகளுக்கெண்டு வாற கணித மாதிரி வினாத்தாளைப் பத்தித்தான் இந்தக் கடிதம். அதோட, அந்தப் பக்கத்தை வெட்டி வச்சுக் கணக்குச் செய்யிற புள்ளைகளுக்கு ராவையில போன்ல உதவி செய்யிற ஆக்களுக்கும் ஒரு விசயம் சொல்லணும், நானும் அதுல ஒராள்தான். கொஞ்சம் நீளமாப் போகும், வெட்டாமப் போட்டா சந்தோசம்.

நான் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில ஒரு ஹார்ட்வெயார் கடையில கணக்கு எழுதுறன், ஏ.எல்ல (உயர்தரத்துல) இணைந்த கணிதம் படிச்ச பழக்கம் இன்னும் கைவிட்டுப் போகல்ல. 2020 மார்ச்ல கொரோனாவுக்குப் பள்ளிக்கூடமெல்லாம் பூட்டின நேரம் எங்கட ஊர் டீச்சர் ஒராள் ஒரு வட்சப் குறூப் தொடங்கினவ, கணக்குல எங்க இடிச்சாலும் அதுல போட்டுக் கேட்கலாம் எண்டு. பள்ளிக்கூடம் துறந்து எவ்வளவோ காலமாச்சு, குறூப் நிக்கல்ல. இப்ப வாகரையில இருந்து பொத்துவில் வரைக்கும் புள்ளைகள் இரிக்காங்க, தமிழ்ப் புள்ளைகளும் முஸ்லிம் புள்ளைகளும் கலந்துதான், அண்ணா எண்டும் நானா எண்டும் மிஸ் எண்டும் ராத்தா எண்டும் கூப்பிட்டு கேள்வி போடுவாங்க. பதில் சொல்ல ஓய்வெடுத்த சேர்மார் இரிக்காங்க, வந்தாறுமூலையிலயும் ஒலுவில்லயும் கம்பஸ் படிக்கிற பொடியன்மார் பொம்பிளப் புள்ளைகள் இரிக்காங்க, என்னப் போல பகல்ல வேலைக்குப் போய் வாற ஆக்களும் இரிக்காங்க. ஆருக்கும் ஒரு சதமும் இல்ல, ஆரும் கேட்கிறதும் இல்ல.

இது ஏன் தேவையெண்டு டவுன்ல இருக்கிற ஆக்களுக்கு லேசில விளங்காது. டவுன்ல ஒரு கிளாஸ்ல விளங்காட்டி இன்னொரு கிளாஸ். வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரையில வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவுப் பக்கம் போய்ப் பாருங்க, கணிதத்துக்கு ஆள் இல்லாம தவணை முழுக்க வெறும் பாடமா ஓடுற பள்ளிக்கூடம் இரிக்கு, பின்னேரம் கிளாஸுக்கு அனுப்ப பயம், என்னெண்டா பொழுதுபட்டா யானை. மண்டூர்ப் பக்கத்துப் புள்ள ஒண்டு குருமண்வெளிக்கு வந்து படிக்கணுமெண்டா பாதையில (ஆக்களை ஏத்திற மிதவைப் படகுல) ஏறி ஆத்தைக் கடந்து வரணும், முடிஞ்சதும் உடன திரும்பணும், சேரோட நிண்டு ரெண்டு கேள்வி கேட்க நேரமில்ல. வீட்ட போய் கொப்பியைத் துறந்தா மூண்டாம் கணக்குல இடிக்கும். அம்மா அப்பா வயலுக்குப் போய் வந்து களைச்சுக் கிடப்பாங்க, அவங்களுக்கு மடக்கை எண்ட லொக் தெரியுமா, தாயம் எண்ட மெற்றிக்ஸ் தெரியுமா. அந்த நேரம் கையில இருக்கிறது போன் மட்டுந்தான், அதுவும் சிக்னல் வீட்டுக்குள்ள இல்ல, முத்தத்துல நிண்டாத்தான் படம் போகும்.

ஓ.எல்ல கணிதம் எல்லாருக்கும் கட்டாயப் பாடம். ஏ.எல்லுக்குப் போறதுக்கு கேட்கிற பாடச் சித்தியில கணிதமும் இரிக்கணும், 35 புள்ளி எடுத்தாத்தான் எஸ் எண்ட சாதாரண சித்தி. நல்லாத் தமிழ் எழுதுற, நல்லா வரலாறு படிக்கிற எத்தின புள்ளைகள் இந்த ஒரு பாடத்தால நிண்டு போயிருக்காங்க எண்டு எங்கட ஊர்கள்ல கேட்டுப் பார்த்தா வீட்டுக்கு வீடு சொல்லுவாங்க.

இனி நடந்த விசயத்துக்கு வாறன். கிட்டடியில ஒரு பேப்பர்ல வந்த மாதிரி வினாத்தாள்ல 0.2512 இட கனமூலம் காணுற கணக்கு ஒண்டு, அதுட லொக் பெறுமானம் (பத்தை எத்தினாம் அடுக்குக்குக் கொண்டுபோனா அந்த எண் வரும் எண்டது) 1.4 எண்டு கேள்வியிலயே குடுத்திருந்தாங்க. ஓ.எல் சோதனைக்கு கல்குலேட்டர் கொண்டுபோக ஏலாது, அதனால மடக்கை அட்டவணையோட செய்யிற இப்பிடிக் கணக்கு புள்ளைகளுக்கு முக்கியம். விடை பக்கத்துட அடியில சின்ன எழுத்துல 0.631 எண்டு கிடந்தது. பத்தாம் ஆண்டுப் புள்ள ஒண்டு குறூப்ல படம் போட்டு, "எனக்கு 2.93 வருது, நாலு தரம் செஞ்சு பார்த்திட்டன், நான் கணக்குக்கு சரிவர மாட்டன் போல" எண்டு எழுதியிருந்தா. உடன ஒராள் "விடை 0.631" எண்டு போட்டார். இன்னொராள் "0.631 தான்" எண்டு போட்டார். அந்தப் புள்ளைக்கு விடை தெரியாமலா கேட்டவ? அது பேப்பர்லயே கிடக்கே.

மறுகா சாய்ந்தமருதுல இருக்கிற ஓய்வெடுத்த சேர் ஒராள் வந்து, "நீங்க செஞ்சதை அப்பிடியே படம் எடுத்துப் போடுங்க மகள்" எண்டார். போட்டா. அழகான எழுத்து, ஒவ்வொரு வரியும் ஒழுங்கு, 1.4 ஐ மூண்டால பிரிச்சு 0.4667, அதுக்கு முரண்மடக்கை (லொக்ல இருந்து திரும்ப எண்ணைக் காணுறது) பார்த்து 2.93. சேர் கேட்டார், "சரி, 2.93 ஐ மூண்டு தரம் பெருக்கிப் பாருங்க, என்ன வருது?" பெருக்கிப் பார்த்து 25 சொச்சம் வருதெண்டா. "0.2512 எங்க, 25 எங்க, ஒண்டுக்குக் குறைஞ்ச எண்ணுட கனமூலம் எப்பிடி மூண்டுக்குக் கிட்ட வரும்?" எண்டு கேட்டுட்டு அவர் பேசாம இருந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு அந்தப் புள்ள எழுதினா, "சேர், இது 25.12 இட கனமூலம், நான் வேற கணக்கை செஞ்சிருக்கன்".

அதுதான் சரி. 25.12 க்கு லொக் 1.4. 0.2512 க்கு லொக் பார் 1.4, அதாவது அந்த 1 க்கு மேல ஒரு சின்னக் கோடு இரிக்கணும், முன்னால இருக்கிற 1 மட்டும் மறை (மைனஸ்), பின்னால இருக்கிற 0.4 நேர் (பிளஸ்). இதை மூண்டால பிரிக்கிறதெண்டா மறை 1 ஐ மறை 3 ஆக்கி, கூடக் குறைச்ச ரெண்டை பின்னால 2.4 ஆ சேர்த்து, பிறகுதான் பிரிக்கணும், அப்ப பார் 1.8 வரும், முரண்மடக்கை 0.631. பேப்பர்ல அச்சடிக்கக்குள்ள அந்தக் கோடு விழுந்து போச்சு. புள்ள பேப்பர்ல கிடந்ததை ஒரு பிழையும் இல்லாம செஞ்சிருக்கு, பிழை விட்டது அச்சு. அவ செஞ்ச வேலையைப் பார்க்காம 0.631, 0.631 எண்டு நூறு பேர் சொன்னாலும் அது தெரிய வந்திருக்காது, அந்தப் புள்ள தனக்குக் கணக்கு வராது எண்டே நினைச்சுக் கொண்டு படுத்திருக்கும்.

இதுதான் நான் உதவி செய்யிற ஆக்களுக்குச் சொல்ல வாறது. கேள்வியைப் பார்த்த உடன விடையைப் போடாதீங்க, முதல் "எங்க வரைக்கும் செஞ்ச?" எண்டு கேளுங்க, செஞ்சதைக் காட்டச் சொல்லுங்க, இடிச்ச வரியைத் தேடிப் பிடிச்சு அந்த வரியில ஒரு கேள்வி கேட்டுட்டுப் பொறுத்திருங்க. அந்தப் பொறுத்திருக்கிறதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும், விடை நமக்குத் தெரியக்குள்ள கை துடிக்கும். முழுசா செஞ்ச ஒரு கொப்பிப் பக்கத்தை படம் எடுத்துப் போட்டா "தேங்ஸ் அண்ணா" எண்டு வரும், அடுத்த நாள் அதே மாதிரி இலக்கம் மாத்தின கணக்கோட அதே புள்ள திரும்பி வரும். படம் பிடிச்சா விடை தாற ஆப் எல்லாம் இப்ப போன்லயே இரிக்கு, விடைக்கு நாம தேவையில்ல. புள்ளைட கொப்பியைப் பார்த்து "இந்த இடத்துல நீ என்ன நினைச்சு இப்பிடி எழுதின?" எண்டு கேட்கிறதுக்குத்தான் ஆள் தேவை.

சோதனையும் அப்பிடித்தான். கணித ரெண்டாம் வினாத்தாள்ல ஒரு கேள்விக்கு 10 புள்ளி எண்டா அந்தப் பத்தும் கடைசி விடைக்கு இல்ல, படிப்படியாப் பிரிச்சுத்தான் குடுக்கிற. வழி சரியா எழுதி கடைசியில கூட்டல் பிழைச்ச புள்ளைக்கு அரைவாசிக்கு மேல கிடைக்கும், விடையை மட்டும் எழுதின புள்ளைக்கு என்ன கிடைக்கும்?

உலகத்துலயும் இதே ஒழுங்குதான். மேத் ஸ்டேக் எக்ஸ்சேஞ் எண்டு 2010 ல இன்டர்நெற்ல தொடங்கின இடம் ஒண்டு இரிக்கு, உலகம் முழுக்க இருந்து கணிதக் கேள்வி கேட்கிற, அங்க வெறும் கேள்வியைப் போட்டா பூட்டிப் போடுவாங்க, நீ என்ன செஞ்சு பார்த்த, எங்க நிக்கிற எண்டும் சேர்த்து எழுதணும். அதை விடுங்க, 1913 ஜனவரியில மெட்ராஸ் துறைமுகத்துல கணக்குப் பிரிவு கிளார்க்கா இருந்த ராமானுஜன் கேம்பிரிட்ஜ்ல இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு தான் கண்டுபிடிச்சதுல பலதை எழுதி அனுப்பினார், ஹார்டி மறுமொழியில கேட்டது நிறுவல்களை. ராமானுஜன்ட விடைகளுக்கே வழி எங்க எண்டு கேட்டிருக்காங்க. ஆனா ஹார்டி மதிச்சுக் கேட்டார், அதையும் சேர்த்துச் சொல்லணும், ஏனெண்டா எங்கட குறூப்ல ஒரு நாள் நடந்தது அப்பிடி இல்ல.

ஒரு புள்ள எக்ஸ் கூட்டல் 3, எக்ஸ் கழித்தல் 2, ரெண்டையும் பெருக்கினா 6 எண்டு ஒரு இருபடிச் சமன்பாட்டைப் போட்டு, எக்ஸுக்கு 3 உம் 8 உம் வருதெண்டு எழுதியிருந்தா. ரெண்டு அடைப்பையும் தனித்தனியா 6 க்கு சமப்படுத்தியிருக்கா, பூச்சியத்துக்கு மட்டும் செய்யலாம், 6 க்கு செய்ய ஏலா, சரியான விடை 3 உம் மறை 4 உம். ஒராள் உடன எழுதினார், "இது ஒம்பதாம் ஆண்டுக் கணக்கு, இது கூடத் தெரியாம ஓ.எல்லா?" எண்டு. கொஞ்ச நேரத்துல அந்தப் புள்ளைட மெசேஜ் இல்ல, அழிச்சிட்டா. அதுக்குப் பிறகு அவ ஒண்டும் கேட்கல்ல. எனக்கு இப்பவும் மனசுக்குக் கஷ்டம். அந்த ரெண்டு விடையில 3 சரியா வந்திருக்கு பாருங்க, 8 ஏன் பிழைச்சது எண்டு அவ கேட்க வந்தது எவ்வளவு நல்ல கேள்வி. ரெண்டையும் சமன்பாட்டுல போட்டுப் பாரு எண்டு ஒரு வரி சொன்னாக் காணும், தானே பிடிச்சிருப்பா. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்துல தனக்குத் தெரியாது எண்டு சொல்ல ஒரு புள்ளைக்கு எவ்வளவு துணிவு வேணும், அதை நசுக்கிறதுக்கு நமக்கு என்ன உரிமை.

நல்லதும் நடந்திருக்கு. ஒரு கம்பஸ் பொடியன் நிகழ்தகவுக் கணக்கு ஒண்டுக்குப் பிழையா விளக்கம் குடுத்து, பதினோராம் ஆண்டுப் புள்ள ஒண்டு "அண்ணா, எடுத்த பந்தைத் திருப்பிப் போடல்ல எண்டு கேள்வியில கிடக்கு" எண்டு சொன்னதும், அவர் தான் எழுதினதை அழிக்காம கீழ "நீங்க சொல்றதுதான் சரி" எண்டு போட்டார். அண்டைக்குப் பிறகு அந்தப் புள்ள மத்தவங்கட கேள்விக்கும் பதில் சொல்லுது.

கேட்கிற புள்ளைகளுக்கும் ஒண்டு. டைப் பண்ணி அனுப்பாதீங்க, கொப்பியில எழுதி படமா அனுப்புங்க, 1/2x எண்டு டைப் பண்ணினா அது அரை எக்ஸா, கீழயும் எக்ஸா எண்டு தெரியாம அரை மணித்தியாலம் போகும். தவணைச் சோதனை நடக்கக்குள்ள வினாத்தாளைப் படம் எடுத்துப் போடவும் வேணாம், அதுக்கு ஆரும் பதில் சொல்லவும் கூடாது.

ஐயா, உங்களிட்ட நான் கேட்கிறது இதுதான். மாதிரி வினாத்தாள் போடுறதை நிப்பாட்ட வேணாம், எங்கட பக்கம் தேத்தண்ணிக் கடையில வாசிச்சு முடிஞ்ச பேப்பரை அடுத்த நாள் கேட்டு வாங்கி வெட்டி வைக்கிற புள்ளைகள் இரிக்காங்க. ஆனா முப்பது கேள்வியும் அடியில முப்பது விடையும் போடுறதை விட, பத்துக் கேள்வி போட்டு அதுல நாலுக்கு எண்டாலும் வழியோட, எந்த வரியில புள்ளைகள் கூடுதலாப் பிழை விடுவாங்க எண்டதோட போடுங்க. இடம் காணாட்டி வழியை அடுத்த கிழமை போடலாம், புள்ளைகள் ஒரு கிழமை யோசிக்கட்டும். அதோட அச்சுக்குப் போக முதல் அடுக்கு, பின்னக்கோடு, லொக்குக்கு மேல வாற பார் இதெல்லாம் கணிதம் தெரிஞ்ச ஒராள் பார்க்கணும். பத்தின் அஞ்சாம் அடுக்கு நூத்தி அஞ்சா வந்ததையும் நாங்க கண்டிருக்கம். அதுக்கு ஆள் இல்லாட்டி சொல்லுங்க, அந்தப் பக்கத்தை முதல் நாள் அனுப்பினா எங்கட குறூப்ல இருக்கிற சேர்மாரும் நானும் சும்மா பார்த்துத் தாறம், ராவைக்கே திருப்பி அனுப்புறம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
களுவாஞ்சிகுடி.