கூட்டு ஜன்னலில் வழிந்த நீர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று வீடியோவில் கோழிக்கூட்டைச் சுற்றிக் காட்டினாய் அல்லவா, எனக்குக் கோழிகளைவிட அந்தச் சின்ன ஜன்னல்தான் கண்ணில் நின்றது. கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க நீர் கோத்துக் கோடு கோடாக வழிந்திருந்தது. "ஒரு பொட்டுக் காற்று உள்ளே வராமல் அடைத்துவிட்டேன்ப்பா, எப்படி?" என்று நீ பெருமையாகக் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் வேலையாக, கூரையை ஒட்டிய மேல் திறப்புகளில் நீ திணித்திருக்கும் பஞ்சையும் பாலித்தீனையும் எடுத்துவிடு. கீழே, கோழிகள் உட்காரும் உயரத்தில் இருக்கும் இடுக்குகளை அடைத்தது சரி, அதை அப்படியே விடு. ராத்திரி அவற்றின் மேல் நேராகக் காற்று அடிக்கக் கூடாது. ஆனால் தலைக்கு மேலே காற்று வெளியேற வழி வேண்டும்.

கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி. நமக்குக் காய்ச்சல் என்று சொல்கிற சூட்டைவிட அதிகம். இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்தால் உள்ளே இருக்கும் பூஞ்சிறகில் காற்று தங்கி, அதுவே கம்பளி மாதிரி காக்கும். அது வேலை செய்ய இறகு உலர்ந்திருக்க வேண்டும். ஒரு கோழி நாளைக்குக் கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குடிக்கிறது. அதில் பெரும்பகுதி மூச்சாகவும் எச்சமாகவும் வெளியே வந்துவிடுகிறது. உன்னிடம் ஆறு பெட்டையும் ஒரு சேவலும். அந்த ஈரமெல்லாம் வெளியேற வழியில்லாமல்தான் ஜன்னலில் வழிகிறது. ஜன்னலோடு நின்றால் பரவாயில்லை, அதே ஈரம் கொண்டையிலும் தாடியிலும் படிந்து உறையும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்பதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. உனக்குப் பத்து வயது இருக்கும்போது நம்மிடம் ஒரு பிளைமவுத் ராக் சேவல் இருந்ததே, உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்டது. துரை என்று பெயர் வைத்தது நீதான். அதற்கு ஐந்து கூர்களோடு நெட்டுக்குத்தாக நிற்கும் ஒற்றைக் கொண்டை. அந்த வருஷம் முதல் கடுங்குளிர் வந்த அன்று, கோழிகள் விறைத்துப்போகுமே என்று பயந்து கூட்டையே தார்ப்பாயில் பொட்டலம் கட்டிவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்ததும் அமோனியா நெடி கண்ணைக் கரித்தது. துரையின் கொண்டை நுனிகள் வெள்ளை வெளேரென்று மெழுகு மாதிரி இருந்தன. பதறிப்போய் கையால் தேய்த்தேன். அதையும் செய்திருக்கக் கூடாது; உறைந்த சதையைத் தேய்த்தால் இன்னும் கெடும். சில நாளில் நுனிகள் கறுத்தன, அப்புறம் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. வேலியில் மாட்டிக் கிழித்துக்கொண்டது என்று உன்னிடம் சொன்னேன். நீ நம்பிப் போய் அந்த வேலிக்கம்பியை எல்லாம் மடக்கிவிட்டு வந்தாய். இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன், வேலி ஒன்றும் செய்யவில்லை.

உன் சேவலுக்கும் ஒற்றைக் கொண்டைதான், பார்த்தேன். பெட்டைகள் வையன்டாட் இனம் என்பதால் எனக்கு அவ்வளவு கவலை இல்லை. தலையோடு ஒட்டிய ரோஜாக் கொண்டை அவற்றுக்கு. குளிர் பிடிக்க அங்கே ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. பழைய காலத்து ஆட்கள் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். கனடாவின் கியூபெக்கில், ஓக்கா மடத்தில் இருந்த வில்ஃப்ரிட் சாத்லேன் என்ற துறவி, அந்த ஊர்க் குளிருக்கென்றே கொண்டையும் தாடியும் மிகச் சிறியதாக இருக்கும்படி பல வருஷம் கலப்புச் செய்து சாண்டக்ளேர் என்ற இனத்தை உண்டாக்கினார். ஒஹையோவில் நெட்டி மெட்காஃப் என்ற பெண்மணி உருவாக்கிய பக்கை இனத்துக்குப் பட்டாணிக் கொண்டை, அதுவும் தலையோடு ஒட்டிய சின்னக் கொண்டைதான். அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது இதை மனதில் வை. நிறத்தைப் பார்த்து மயங்கும் குணம் உனக்கு என்னிடமிருந்து வந்தது.

சிவப்பு விளக்கு போடலாமா என்று கேட்டாய். வேண்டாம். 250 வாட் பல்பு, கீழே காய்ந்த மரச்சீவல், சுற்றிலும் பறக்கும் தூசி, நடுவே சிறகடித்து ஏறி இறங்கும் கோழிகள்! கூடு தீப்பிடிக்க இதைவிட வேறு என்ன வேண்டும்? தீ பிடிக்காவிட்டாலும், அந்தச் சூட்டுக்குப் பழகிய கோழி கரண்ட் போன ராத்திரியில்தான் நடுங்கும். இலையுதிர் காலத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரோடு பழகி வந்தவை அவை. பழக விடு.

அதற்குப் பதிலாக உட்காரும் கட்டையை மாற்று. நீ வைத்திருப்பது உருண்டைக் கம்பு. அதைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தால் விரல்கள் வெளியே தெரியும். 10 செ.மீ. அகலமுள்ள பலகையைப் படுக்கைவாட்டில் வைத்தால் பாதத்தைத் தட்டையாக ஊன்றி, அதன் மேலேயே மார்பைப் பரப்பி உட்காரும். ராத்திரி டார்ச் அடித்துப் பார், ஒரு விரல்கூட வெளியே தெரியக் கூடாது.

தண்ணீர்ப் பாத்திரத்தைக் கூட்டுக்குள் வைக்காதே. இருட்டில் கோழி குடிக்காது, ஈரம்தான் மிச்சம். ரப்பர் தொட்டி வாங்கிக்கொள். உறைந்தால் கவிழ்த்து ஒரு மிதி மிதித்தால் பனிக்கட்டி தட்டுப் போல முழுசாக விழும். காலையும் மதியமும் வெதுவெதுப்பாக மாற்றி வை. அடையும் நேரத்துக்கு முன்னால் ஒரு கைப்பிடி உடைத்த சோளத்தைத் தரையில் இறைத்துவிடு. தீனிப்பை நிறைந்து அடைந்தால் ராத்திரி முழுக்கச் செரிக்கிற சூடு கிடைக்கும். அதைப் பொறுக்குகிற சாக்கில் மரச்சீவலையும் கிளறிவிடும், உனக்கு ஒரு வேலை மிச்சம். ஆனால் சோளத்தையே தீனியாக்கிவிடாதே. முக்கியமாக அந்தக் கழுத்து மொட்டையான பெட்டைக்கு. பாவம், இறகு உதிர்க்க இந்த நேரத்தையா பார்த்தது! இறகு பெரும்பாலும் புரதம்தான், அதனால் அதற்குப் புரதம் கூடிய தீனி வேண்டும். முளைக்கிற இறகுக் குருத்தில் ரத்தம் ஓடும், தொட்டால் வலிக்கும். ஆசையாகத் தூக்கிக் கொஞ்சாதே.

முட்டை நின்றுவிட்டதே என்று கவலைப்படாதே. நாளில் 14 மணி நேரமாவது வெளிச்சம் இருந்தால்தான் நன்றாக இடும். விளக்குப் போட்டு இட வைக்கலாம்தான், நான் போடுவதில்லை. பாரம்பரிய இனக் கோழி ஐந்தாறு வருஷம் உன்னோடு இருந்து முட்டையிடும். ஒரு குளிர்காலம் சும்மா இருந்துவிட்டுப் போகட்டுமே.

துரை அதற்குப் பிறகும் நான்கு வருஷம் இருந்தது, நினைவிருக்கிறதா? மொண்ணைக் கொண்டையை வைத்துக்கொண்டு அதே மிடுக்கோடு கூவும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மட்டும் தொண்டையில் ஏதோ அடைக்கும்.

மேல் திறப்புகளுக்கு வெறும் துணி போடாமல் கம்பி வலை அடி, மரநாய் ஏறும். திறந்த மறுநாள் விடியற்காலையில், கோழிகளை வெளியே விடுவதற்கு முன், அந்த ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்தை விரலால் தொட்டுப் பார். ஈரமா, காய்ந்திருக்கிறதா என்று மட்டும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
அப்பா