காப்பி ஊற்றியவர்களுக்கும் காது கொடுத்தவர்களுக்கும்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள பெரியம்மாக்களுக்கும் மாமாக்களுக்கும் அண்ணன் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை இரவு கடைசி நாற்காலியை மடித்து வைத்துவிட்டுக் கதவைப் பூட்டும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூடிப் பாடுவதற்காக 2017 ஆகஸ்டில் கோயில் கூடத்தில் நாம் தொடங்கிய பாட்டு மாலைக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. இந்த எட்டு ஆண்டுகளில் யாருக்கும் ஒரு ராண்ட் கூலி கொடுத்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை. பாடியவர்களுக்குக் கைதட்டல் கிடைத்தது. பாத்திரம் கழுவியவர்களுக்கும் நாற்காலி தூக்கியவர்களுக்கும் ராத்திரி கார் ஓட்டியவர்களுக்கும் நான் இதுவரை முறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பெரும்பாலோர் சொல்லிவிட்டீர்கள். சரி, போடவில்லை. படிக்கும்போது யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை சொல்லிவிடுகிறேன். 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. அந்தக் கப்பலிலிருந்து தொடங்கி 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் உள்ள நேட்டாலுக்கு வந்தார்கள். அதில் பெரும்பகுதி சென்னை மாகாணத்து மக்கள். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டுப் பக்கத்தவர்கள் நிறையப் பேர். அதனால்தான் அந்தப் பக்கத்துத் தெருக்கூத்து இங்கே வேர் பிடித்தது. இங்கே ஆங்கிலத்தில் அதை ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று சொல்வார்கள். கூத்தோடு கும்மியும் தாலாட்டும் மாரியம்மன் பாட்டும் வந்தன.

என் அம்மா பிறந்தது மேகசின் பேரக்ஸில். டர்பன் மாநகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகள் அவை. ஒரு வீட்டில் அடுப்பு ஊதினால் அடுத்த வீட்டில் இருமுவார்கள் என்று அம்மா சொல்வார். அவ்வளவு நெருக்கம். ஆனால் வீட்டுக்கு வெளியே எல்லோருக்கும் பொதுவான முற்றம் இருந்தது. சாயங்காலம் ஆனால் அங்கே ஒரு மிருதங்கமும் ஒரு ஆர்மோனியமும் வந்துவிடும். 1960களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் பேரில் அந்த ஜனங்களைக் கிளப்பி இங்கே சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து விட்டார்கள். வீடு கிடைத்தது, முற்றம் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் எங்கோ நாலு யூனிட், அதாவது நாலு பேட்டை, தள்ளிப் போனார். ஆட்கள் பாட்டை மறந்துவிட்டார்கள் என்று இப்போதும் சிலர் குறை சொல்கிறார்கள். அது சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டு மனதில் இருந்தது. உட்கார்ந்து பாட இடம்தான் இல்லை. அந்த முற்றத்தைத்தான் நீங்கள் எல்லோரும் சேர்ந்து மாதம் ஒரு நாள், மூன்று மணி நேரத்துக்குத் திரும்பக் கட்டினீர்கள்.

முதலில் அது எனக்குப் புரியவில்லை. ஒரு மைக், ஒரு சின்ன மேடை, எதிரே வரிசையாக 40 நாற்காலி, பின்னால் காப்பி என்று ஏற்பாடு செய்தேன். முதல் மூன்று மாதமும் பையன்கள் வந்து சினிமாப் பாட்டுதான் பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள். ஆனால் பழைய பாட்டு தெரிந்த பெரியம்மாக்கள் ஒருவரும் மைக் பக்கம் வரவில்லை. கூப்பிட்டால், ‘எனக்கு என்ன பாட்டு தெரியும், போம்மா’ என்று தலையை ஆட்டிவிடுவார்கள். நான் மனம் உடைந்து போனேன்.

நாலாவது மாதம் நடந்ததை மறக்கவே முடியாது. சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த ஆயா (பாட்டி) ஒருவர், தூங்காமல் அழுத ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தாலாட்டுப் பாடினார். பக்கத்தில் வடைக்கு மாவு தட்டிக்கொண்டிருந்த பெரியம்மா, அந்தத் தாலாட்டில் அவர் விட்ட அடியை எடுத்துக் கொடுத்தார். அப்புறம் இன்னொருவர். ஐந்து நிமிடத்தில் சமையலறை பூராவும் பாட்டு. கூடத்தில் மைக்கில் பாடிக்கொண்டிருந்த தம்பி தானாகவே நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அதோடு நிற்கவில்லை. அடுத்த மாதம் நான் வருவதற்கு முன்பே வந்து, நாற்காலிகளை எல்லாம் சமையலறைச் சன்னலைப் பார்த்து வட்டமாகத் திருப்பிப் போட்டிருந்தார். மேடையைச் சுவர் ஓரமாகத் தள்ளி அதன்மேல் வெற்றிலைத் தட்டை வைத்திருந்தார். தம்பி, அன்றைக்கு உங்களுக்கு நான் நன்றி சொல்லவில்லை. ஏன் மாற்றினீர்கள் என்று கூடக் கேட்டேன். நீங்கள் செய்ததுதான் சரி. அன்றையிலிருந்துதான் இது பாட்டு மாலை ஆயிற்று.

காப்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாலை ஐந்து மணிக்குப் பாய்லரில் தண்ணீர் பிடித்தால்தான் ஆறரைக்குக் காப்பி தயார். பாலைத் தனியாகக் காய்ச்சி, சிக்கரி கலந்த தூளைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, டின் பாலும் ஏலக்காயும் சேர்த்து அந்தப் பெரியம்மா கலக்கும் காப்பிக்காகவே மவுண்ட் எட்ஜ்கம்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ரூய்போஸ் தேநீர் தனிக் கெட்டிலில். அதை அவர் ஒரு மாதம்கூட மறந்ததில்லை. பாட்டு நடக்கும்போது காப்பி ஊற்றக் கூடாது என்ற விதியைப் போட்டவரும் அவர்தான். டம்ளர் சத்தம் தாலாட்டைக் கெடுக்கிறது என்று தன்னுடைய பழைய பருத்திச் சேலையைக் கிழித்து ஒவ்வொரு தட்டுக்கும் விரிப்பு தைத்துக் கொண்டுவந்தார். எட்டு வருஷமாக மாதா மாதம் அதைத் துவைத்து மடித்து எடுத்து வருகிறார். பெரியம்மா, ஒரு தாலாட்டின் கடைசி அடி கூடத்தின் மூலை வரை கேட்கிறது என்றால் அதற்கு அந்தச் சேலைதான் காரணம்.

இரண்டு பாட்டு, இல்லாவிட்டால் 10 நிமிடம் என்ற கணக்கைக் கண்டிப்பாகப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கும் நன்றி. வாசலில் நோட்டு வைத்துப் பெயர் எழுதி, முதல் தடவை பாட வருகிறவரை எப்போதும் மூன்றாவதாகவோ நாலாவதாகவோ வைப்பார். முதலில் விட்டால் பயப்படுவார்கள், கடைசியில் வைத்தால் கூட்டம் கலைந்துவிடும் என்பது அவர் கணக்கு. இதை வேறு ஊரில் தொடங்க நினைப்பவர்கள் அவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் போதும்.

ஒப்பாரி விஷயத்தில் நான் ஒரு தவறு செய்தேன். ஒப்பாரி நன்றாகத் தெரிந்த ஒரு ஆயாவைப் பாடச் சொல்லி வற்புறுத்தினேன். விளக்கு ஏற்றிய இடத்தில், சாவு இல்லாத வீட்டில் அதைப் பாடக் கூடாது என்று அவர் சொன்னார். நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. அப்போது மூத்த பெரியம்மா இருவர் என்னை வெளியே கூட்டிப்போய்ப் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். கடைசியில் அவர்களே ஒரு வழியும் கண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடத்துக்கு வெளியே மாமரத்தடியில், ராகம் இல்லாமல் ஆயா சொல்லை மட்டும் சொன்னார். அவருடைய பேத்தி எழுதிக்கொண்டார். ராகத்தை அவர் யாருக்கும் அன்று பாடிக் காட்டவில்லை. ஆயா 2021இல் காலமானார். அந்த வீட்டில் பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து பாடியபோது ராகம் தானாகவே வந்தது என்று பேத்தி என்னிடம் சொன்னார். எனக்குத் தடை சொன்ன அந்த இரண்டு பெரியம்மாக்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கூடம் மூடிக் கிடந்த காலத்தில், வாட்ஸப்பில் குரல் பதிவாகப் பாட்டு அனுப்பி வைத்தவர்களுக்கும், அதைக் கேட்டு மறுபாட்டு அனுப்பியவர்களுக்கும் நன்றி. கும்மிக்கு அது சரிப்படவில்லை. தனியாகக் கைதட்டிக் கும்மி பாட முடியாது. ஆனால் அது கூட்டத்தைக் கலையாமல் வைத்தது.

2022 ஏப்ரல் வெள்ளத்தை நம் ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். வீடுகள் சரிந்தன, பல நாள் குழாயில் தண்ணீர் இல்லை. அந்த மாதம் பாட்டு இல்லை. ஆனால் நோட்டில் பெயர் எழுதியிருந்த அத்தனை பேரும் கூடத்துக்கு வந்தீர்கள். காப்பி அண்டாவில் பருப்பும் சோறும் பொங்கி, வண்டியில் ஏற்றி, வீடு இழந்தவர்கள் தங்கியிருந்த இடங்களுக்குக் கொண்டுபோனீர்கள். யாரும் உங்களைக் கூப்பிடவில்லை. நான்கூடக் கூப்பிடவில்லை. பாட்டுக்காகச் சேர்ந்த ஆட்கள் அடுப்புப் பற்றவைக்கவும் சேர்ந்து நிற்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அதே ஆண்டின் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளில் மூன்று நாலு தடவை வர ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் நம் ஆம்ப்ளிஃபையர் கருகிவிட்டது. ரயில்வேயில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற மாமா அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று வாரம் பிரித்துப் பார்த்துச் சரிசெய்தார். சரிசெய்து கொண்டுவந்து வைத்துவிட்டு, ‘இந்த 60 பேருக்கு இது எதுக்கும்மா’ என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். மின்வெட்டு இரவுகளில் பாய்லருக்குப் பதில் கேஸ் அடுப்பு, விளக்குக்கு இரண்டு அரிக்கேன், மைக் இல்லை. இருட்டில் உடுக்கையின் கயிற்றை அமுக்கி விடும்போது அந்தக் குரல் ஏறி இறங்குவதைக் கேட்டவர்கள், கரண்ட் வந்த பிறகும் விளக்கைப் போட விடவில்லை. இப்போதும் நாம் மைக் இல்லாமல்தான் பாடுகிறோம். ஆம்ப்ளிஃபையர் பிள்ளைகளின் வகுப்புக்குப் பயன்படுகிறது.

பாட்டு நோட்டுகளை எடுத்துக்கொண்டு வந்த குடும்பங்களுக்குத் தனி நன்றி. தாத்தாக்கள் எழுதிய கூத்துப் பாட்டுகள் சில தமிழ் எழுத்தில், பல ஆங்கில எழுத்தில் இருந்தன. லகரமும் ழகரமும் அதில் ஒன்றாகிவிடும். ‘வலி’யா ‘வழி’யா என்று ஒரு சொல்லுக்கு அரை மணி நேரம் பேசியிருக்கிறோம். மாதம் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து அவற்றைத் தமிழ் எழுத்துக்கு மாற்றிய மூன்று பிள்ளைகளில் இருவர் தமிழை அந்த நோட்டுகளில்தான் படித்தார்கள். அவர்களுக்குச் சரிபார்த்துக் கொடுத்த தமிழாசிரியருக்கு என் வணக்கம்.

உம்லாசியிலிருந்து கிட்டாரோடு வந்த சூலு இனத்துத் தம்பியை நினைக்காமல் இருக்க முடியாது. அவர் வாசிப்பது மஸ்கண்டி என்ற சூலு நாட்டுப்புற இசை. பாட்டின் நடுவே பாடுகிறவர் தன் ஊரையும் குலத்தையும் புகழையும் மூச்சுவிடாமல் சொல்லிப் போவார். அவர்கள் அதை இசிபோங்கோ என்கிறார்கள். அவர் அதைச் சொன்னதும் நம் கூத்துக்காரத் தாத்தா எழுந்து நின்றுவிட்டார். திரைக்குப் பின்னாலிருந்து ராஜா வரும்போது கட்டியங்காரன் யார் நீ என்று கேட்க, ராஜா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வருவாரே, அதேதான் இது என்றார். அன்றிரவு இருவரும் மாறி மாறித் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். ஒருவருக்கு மற்றவர் மொழி தெரியாது. தாளம் போதுமாக இருந்தது. தம்பி, உங்களுக்கு எங்கள் எல்லோருடைய சார்பிலும் உங்கள் மொழியிலேயே நன்றி: ஙியபோங்கா.

கூடத்தை வாடகை இல்லாமல் கொடுத்த கோயில் நிர்வாகத்தாருக்கும், வாசல் உண்டியலில் விழுந்த சில்லறையைக் காசு பிசகாமல் எழுதி பால், கேஸ் செலவைச் சமாளித்த கணக்கு அண்ணனுக்கும் நன்றி. சினிமாப் பாட்டு பாடும் மாலைகளுக்கு இசை உரிமத் தாள்களை நிரப்பிக் கொடுத்ததும் அவரே. நம் சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் மீந்த வெற்றிலையையும் கொத்தமல்லியையும் எங்களுக்காக எடுத்து வைக்கும் கடைக்கார அக்காவுக்கும் நன்றி.

ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வயதான பெண்களைத் தனியாக அனுப்ப முடியாது. எட்டு வருஷமாக நான்கு பேர் முறை வைத்து ஒவ்வொருவரையும் வாசல் வரை கொண்டுபோய், உள்ளே விளக்கு எரியும் வரை காரில் காத்திருந்து திரும்புகிறீர்கள். நீங்கள் இல்லாவிட்டால் ஆயாக்கள் வந்திருக்க மாட்டார்கள். ஆயாக்கள் இல்லாவிட்டால் எனக்கு என் அம்மாவின் முற்றத்துப் பாட்டு ஒன்றுகூடக் கிடைத்திருக்காது.

என் முழங்கால் இப்போது படி ஏறவிடுவதில்லை. வருகிற மாதத்திலிருந்து கூடத்துச் சாவி, நாற்காலியைத் திருப்பிப் போட்ட அதே தம்பியின் கையில் இருக்கும். நான் வட்டத்தில் உட்கார்ந்து பாட்டு கேட்பேன். அடுத்த பாட்டு மாலை, வருகிற மாதத்தின் முதல் சனிக்கிழமை ஆறரை மணிக்கு. பாய்லரின் குழாய் சொட்டுகிறது; வாஷர் வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருக்கும் மாமாவுக்கு இப்போதே நன்றி.

அன்புடன்,
உங்கள் பாட்டு மாலை அக்கா